நூலகரும் ஆராய்ச்சியாளரே
(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற நூலகர், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்ட வேண்டும் என்னும் ஒரே நோக்கத்தோடு இக்கழகம் தொடங்கப்பெற்றது. இன்று நம் பிள்ளைகளுள் ஆசிரியர் உள்ளனர், செவிலியர் உள்ளனர், வழக்கறிஞர் உள்ளனர். நூலக அறிவியல் பட்டம் பெற்றுக் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் கல்லூரி நூலகங்களிலும் பணியாற்றுவோரும் உள்ளனர். அவர்களுக்காகவே இந்த அமர்வை விழாக் குழுவினர் அமைத்துள்ளனர். நான் நூலகன் அல்லன், பள்ளித் தலைமையாசிரியன். எனினும் ஒரு நூலகரால் படிக்க வந்தவன் என்னும் உரிமையில் இங்கு நிற்கின்றேன்.

நூலகர் தம் தொழிலைப் பற்றித் தாமே ஆராய்ச்சி செய்தல் வேண்டும் என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி. “ஆராய்ச்சி என்பது பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வேலை, நமக்கு நூல் கொடுக்கவும் வாங்கவும் பதிவேடு எழுதவுமே பொழுது சரியாக இருக்கிறது” என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவோர்க்கு முதலில் என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்கின்றேன்.

ஒரு வெற்றுத் தாளும் ஒரு கேள்வியும்

1982ஆம் ஆண்டில் நான் ஏழாம் வகுப்பு மாணவன். எங்கள் சேரியிலிருந்து இரண்டு கல் தொலைவில் கடைத்தெருவை ஒட்டி ஒரு கிளை நூலகம் இருந்தது. அங்கே அமர்ந்து செய்தித்தாள் படிக்கலாம்; வீட்டுக்கு நூல் எடுத்துச் செல்ல உறுப்பினராக வேண்டும். உறுப்பினராவதற்குரிய படிவத்தில், வீட்டு வரி செலுத்தும் ஒருவர் பிணைக் கையொப்பம் இட வேண்டும் என்றிருந்தது. எங்கள் தெருவில் வீட்டு வரி செலுத்துவோர் எவர்? புறம்போக்கு நிலத்துக் குடிசைகளுக்குப் பட்டாவும் இல்லை, வரியும் இல்லை. என் தந்தையார் தாம் கூலி வேலை செய்த வீட்டுக்காரரிடம் படிவத்தைக் கொண்டு சென்றார். “உன் பையன் புத்தகத்தைத் தொலைத்துவிட்டால் நானா பணம் கட்டுவது?” என்று கேட்டு அவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன்பின் ஓராண்டுக்கு மேல் நான் அந்த நூலகத்தின் பக்கமே செல்லவில்லை.

பிறகு அந்நூலகத்துக்கு வேறொருவர் மாற்றலாகி வந்தார். அவர் செய்த முதற் செயல், உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து, ஒரு வெற்றுத் தாளில் தெருவாரியாக உறுப்பினர்களை எண்ணிக் குறித்ததே. எங்கள் தெருவின் பெயருக்கு நேரே அவரால் ஒரு சுழியைத்தான் இட முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை, நூலக விடுமுறை நாளில், அவர் எங்கள் தெருவுக்கு நடந்தே வந்தார். என் தந்தையாரிடம், “ஐயா, உங்கள் தெருப் பிள்ளைகள் ஏன் நூலகத்துக்கு வருவதில்லை?” என்று கேட்டார். அரசாங்க வேலையில் உள்ள ஒருவர் தம்மை ஐயா என்று அழைத்ததை என் தந்தையார் இறக்கும் வரை சொல்லிக் கொண்டிருந்தார். கையொப்பச் செய்தியைத் தந்தையார் சொன்னதும் அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர் எங்கள் பள்ளித் தலைமையாசிரியரைக் கண்டு பேசி, மாணவர்களுக்கு அவரே பிணைக் கையொப்பம் இட ஏற்பாடு செய்தார். அவ்வாண்டில் எங்கள் தெருப் பிள்ளைகள் பதினொருவர் உறுப்பினரானோம். தாம் கண்டதையும் செய்ததையும் இரண்டு பக்கத்தில் எழுதித் தம் மேலதிகாரிக்கும் அனுப்பினார் என்று பின்னாளில் அறிந்தேன்.

அவர் தம் செயலை ஆராய்ச்சி என்று கூறவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்குரிய உறுப்புகள் அனைத்தும் அதில் இருந்தன. ஒரு கேள்வி இருந்தது, எண்ணிக்கை இருந்தது, எண்ணிக்கை சொல்லாத காரணத்தை மக்களிடமே கேட்டறிந்த முறை இருந்தது, மாற்றம் இருந்தது, மாற்றத்தின் விளைவும் எழுத்துப் பதிவும் இருந்தன. “அந்தத் தெருவினருக்குப் படிப்பில் நாட்டமில்லை” என்பது அதுவரை ஊரார் கருத்து. ஒரு தாள் அக்கருத்தைப் பொய்யாக்கியது. ஆராய்ச்சி நமக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தெரியாது.

முன்னோர் காட்டிய வழி

இந்திய நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் அவர்கள் சீர்காழியில் 1892இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்த்தப்பட்டபோது நூலகத் தொழிலில் எவ்விதப் பயிற்சியும் பெற்றிருக்கவில்லை. சில நாட்களிலேயே அப்பணி சலித்துப்போய், பழைய ஆசிரியப் பணிக்கே திரும்ப விரும்பினார் என்பது வரலாறு. அவ்வாண்டே இங்கிலாந்து சென்று நூலகங்களை ஒவ்வொன்றாய்ப் பார்வையிட்டபோதுதான் அவர் உள்ளத்தில் கேள்விகள் எழுந்தன. ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு விதமாக இயங்குகிறதே, இவற்றுக்கெல்லாம் அடிப்படையான கொள்கை யாது என்று அவர் வினவினார். இலண்டன் கடையொன்றில் சிறுவர் விளையாடும் மெக்கானோ என்னும் பொருத்து விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகளைக் கொண்டே பல உருவங்களை அமைக்க முடிவதைப் பார்த்து, நூற்பகுப்பையும் அவ்வாறு அமைக்கலாமே என்று எண்ணினார். அவ்வெண்ணமே 1933இல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1931இல், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைத்தல், நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரைச் சேர்தல், வாசகரின் காலம் வீணாகாதிருத்தல், நூலகம் வளர்ந்து கொண்டே இருத்தல் என்பன மற்றவை. முதல் விதிக்குரிய சொற்களை எடுத்துக் கொடுத்தவர், அவருடைய பழைய கணித ஆசிரியர் எட்வர்ட் ராஸ் என்பர். இவ்விதிகள் ஆண்டுக்கணக்கில் நூலகத்துள் நின்று, வருவோரையும் வாராதோரையும் கவனித்ததனால் பிறந்தவை. அவர் பாடுபட்டதன் பயனாகவே 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. நாம் செலுத்தும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி தண்டப்படுவது அச்சட்டத்தின் வழியேயாகும்.

அவர் உயர்ந்த கல்வியும் பல்கலைக்கழகத்தின் ஆதரவும் பெற்றவர். நமக்கு அவை ஏது என்று கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. ஆகவே, நம்மைப் போன்றே ஒதுக்கப்பட்ட மக்களிடையே பிறந்த ஒருவரின் வரலாற்றையும் கூறுகின்றேன்.

அமெரிக்க நாட்டில் 1905இல் பிறந்த கறுப்பினப் பெண்மணி டோரதி போர்ட்டர். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தில், பின்னாளில் நூலக அறிவியல் பட்டம் பெற்றவர். அங்கு அப்பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. வாஷிங்டன் நகரில் கறுப்பின மக்களுக்கென நிறுவப்பட்ட ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1930இல் ஒரு நூல் தொகுதியைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்காலத்தில் பெரும்பான்மை நூலகங்கள் தூயி பதின்மப் பகுப்பு முறையைக் கையாண்டன. அம்முறைப்படி கறுப்பினத்தவர் எழுதிய எந்த நூலாயினும், கவிதையாயினும் வரலாறாயினும், அடிமைமுறைக்குரிய 326ஆம் எண்ணிலோ குடியேற்றத்துக்குரிய 325ஆம் எண்ணிலோ வைக்கும் வழக்கம் இருந்தது. ஒரு கவிஞர் பாடிய பாட்டுக்கு அடிமைமுறை என்னும் தலைப்பா? டோரதி போர்ட்டர் அதை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையிலும் வரலாற்றை வரலாற்றிலும் வைத்துத் தம் தொகுதியைப் புதிதாகப் பகுத்தார். போதிய நிதி இல்லாதபோது பதிப்பாளர்களுக்கும் நண்பர்களுக்கும் கடிதம் எழுதி நூல்களைக் கேட்டுப் பெற்றார். 1760 முதல் 1944 வரை கவிதை எழுதிய வட அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர்களுக்கு ஒரு நூற்பட்டியலை 1945இல் வெளியிட்டார். 1973இல் ஓய்வு பெறும்வரை நாற்பதாண்டுகளுக்கு மேல் அப்பணியிலேயே இருந்தார். “கறுப்பின மக்களுக்கு இலக்கியம் ஏது?” என்று கேட்டவர்களுக்கு அவருடைய பட்டியலே விடையாயிற்று.

நண்பர்களே, நூற்பட்டியல் எழுதுவது எழுத்தர் வேலை என்று எண்ண வேண்டா. எது எந்தத் தலைப்பின்கீழ் வைக்கப்படுகிறது என்பதில் ஒரு சமுதாயத்தின் மதிப்பே அடங்கியிருக்கிறது. உங்கள் நூலகத்தில் பண்டிதர் அயோத்திதாசர் நூல்கள் எந்த அடுக்கில் உள்ளன? தலித் எழுத்தாளர்களின் சிறுகதைகள் சிறுகதையோடு உள்ளனவா, சாதிச் சிக்கல் என்னும் தலைப்பின்கீழ்த் தனியே ஒதுங்கி நிற்கின்றனவா? போய்ப் பாருங்கள். அதுவே உங்கள் முதல் ஆராய்ச்சியாகட்டும்.

நம் எழுத்துகள் எங்கே?

பண்டிதர் பெயரைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கி, 1914இல் மறையும் வரை நடத்தினார். அதற்கு முன்னரே 1893இல் இரட்டைமலை சீனிவாசனார் ‘பறையன்’ இதழைத் தொடங்கியிருந்தார். இவ்வாறு நம் முன்னோர் நடத்திய இதழ்கள் பல. அவற்றுள் சிலவற்றுக்குப் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. பண்டிதரின் எழுத்துகள் நமக்குக் கிடைத்தமைக்குக் காரணம், அவருடைய பௌத்த இயக்கத்தைச் சார்ந்த குடும்பத்தினர் பழைய இதழ்களைத் தம் வீடுகளில் பாதுகாத்து வைத்திருந்ததே. அவற்றைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த தொகுதிகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. பண்டிதர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அது நிகழ்ந்தது. அவ்வளவு காலம் பொது நூலகங்கள் செய்யத் தவறிய பணியை எளிய மனிதர்களின் மரப்பெட்டிகள் செய்தன.

இன்றும் நம் வீடுகளில் அத்தகைய பெட்டிகள் உள்ளன. ஊர்க் கிணற்றுக்காகவும் சுடுகாட்டுப் பாதைக்காகவும் கொடுத்த விண்ணப்பங்களின் நகல்கள், இரவுப் பள்ளியின் வருகைப் பதிவேடுகள், மாநாட்டுத் துண்டறிக்கைகள், மணவிழா வாழ்த்து மடல்கள் ஆகியவை பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போய்க் கொண்டிருக்கின்றன. ஊர்ப்புற நூலகர் ஒருவர் தம் ஊரில் உள்ள இவற்றை மட்டும் பட்டியலிட்டால், அதுவே வருங்கால வரலாற்றாசிரியர்க்கு மூலநூலாகும். தாளை அவர்களிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்பதில்லை. உரியவரின் இசைவோடு, எவர் வீட்டில் எது உள்ளது என்று எழுதி, ஒரு படமும் எடுத்து வைத்தால் போதும். இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியே படமெடுக்கும் கருவியாக இருக்கிறதன்றோ?

எவற்றை ஆராயலாம்?

“கேள்வி எங்கே கிடைக்கும்?” என்று கேட்கும் இளைஞர்களுக்குச் சிலவற்றைச் சுட்டுகின்றேன்.

முதலாவது, வாராத வாசகர். எந்தத் தெருவிலிருந்து, எந்த வயதினர், ஆணா பெண்ணா வரவில்லை என்று காண்க. இங்கே ஓர் எச்சரிக்கை. வாசகரைச் சாதி கேட்டுப் பதியாதீர். அக்கேள்வியே அவரை வாயிலிலிருந்து திருப்பிவிடும். முகவரியில் உள்ள தெருப்பெயர் போதும்.

இரண்டாவது, நேரம். கூலி வேலைக்குச் செல்வோர் வீடு திரும்பும் பொழுதில் நூலகம் திறந்திருக்கிறதா? ஒரு மாதம் மணிவாரியாக வருகையை எண்ணினால் விடை கிடைக்கும்.

மூன்றாவது, தொடப்படாத நூல். மூன்றாண்டுகளாக எவரும் எடுக்காத நூல்களைத் தனியே எடுத்து, ஏன் எனக் காண்க. நூல் பயனற்றதா, எவர் கண்ணிலும் படாத அடுக்கில் இருக்கிறதா, எழுத்து சிறியதா? இடம் மாற்றி வைத்துப் பார்த்து, மறுபடியும் எண்ணுக.

நான்காவது, விடை கிடைக்காத கேள்வி. வாசகர் கேட்டு, நூலகத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. ஆண்டு முடிவில் அக்குறிப்பேடே நூல் கொள்முதலுக்கு வழிகாட்டும். நம் ஊர்களில் கல்வி உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், நிலப் பட்டா, போட்டித் தேர்வு ஆகியவை பற்றிய கேள்விகளே மிகுதி என்பது என் எண்ணம். எண்ணம் வேறு, எண்ணிக்கை வேறு. நீங்கள்தாம் சோதித்துச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, மூடிய கதவு. 2006இல் தொடங்கப்பட்ட அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் சில பூட்டிக் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். உங்கள் ஒன்றியத்தில் எத்தனை திறந்துள்ளன, எத்தனை மூடியுள்ளன, மூடியதற்குக் காரணம் ஊதியமா, மழை ஒழுகலா, கட்டடம் அமைந்த இடமா? ஊர்த்தெருவில் கட்டிய நூலகத்துக்குச் சேரிப் பிள்ளைகள் தயங்காமல் செல்கின்றனரா? 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் பொது இடங்களிலும் எல்லோருக்கும் உரிமை உண்டென உறுதி செய்தது. ஏட்டில் உள்ள அவ்வுரிமை நூலக வாயிலில் நடைமுறையாக உள்ளதா என்று அளந்து சொல்லக்கூடியவர் நூலகரே.

எண்ணிக்கையின் ஆற்றலுக்கு இன்னொரு சான்று தருகின்றேன். இலண்டன் அறிவியல் காட்சியக நூலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பிராட்ஃபோர்டு என்பார், ஒரு பொருள் பற்றிய கட்டுரைகள் எந்தெந்த இதழ்களில் வெளியாகின்றன என்று எண்ணிப் பார்த்தார். மிகச் சில இதழ்களில் மூன்றில் ஒரு பங்கு அடங்கிவிடுகிறது. அடுத்த பங்கைப் பெறப் பன்மடங்கு இதழ்களைத் தேட வேண்டியிருக்கிறது. கடைசிப் பங்குக்கு அதனினும் பன்மடங்கு தேவைப்படுகிறது. 1934இல் அவர் எழுதிய இவ்வுண்மை இன்றளவும் அவர் பெயராலேயே விதியாக வழங்குகிறது. அவர் செய்ததெல்லாம் தம் மேசைமேல் வந்தவற்றைப் பொறுமையோடு எண்ணியதே.

நேர்மையும் அடக்கமும்

ஆராய்ச்சிக்கு நேர்மை இன்றியமையாதது. வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை குறைந்தால் மேலிடத்தில் கேள்வி வருமென்று, வாராதவர்க்கும் கையொப்பம் நிரப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அத்தகைய பதிவேட்டிலிருந்து பிறக்கும் முடிவு பொய்யின்மேல் கட்டிய வீடு. குறைந்த எண்ணிக்கை நமக்கு இழுக்கன்று. அது நமக்குக் கிடைத்த கேள்வி. மேலும், எவர் எந்த நூலை எடுத்தார் என்பது அவருடைய தனி உரிமை. ஆராய்ச்சிக் குறிப்பில் பெயர் வரலாகாது.

நேர்மை பற்றிப் பேசும் நான், என் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பள்ளியில் நான் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இரண்டு ஆண்டுகள், நூலக அலமாரியின் சாவி என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. தணிக்கையின்போது நூல் குறைந்தால் என் ஊதியத்தில் பிடிப்பார்கள் என்னும் அச்சமே காரணம். படிவத்தில் கையொப்பம் இட மறுத்த அந்த வீட்டுக்காரரின் அச்சமும் இதுதானே என்று ஒரு நாள் உறைத்தது. அன்று நாணினேன். அலமாரியைத் திறந்து நூல்களைத் தாழ்வாரத்து மேசைமேல் பரப்பினோம். பிள்ளைகளே பதிவேடு எழுதினர். சில நூல்கள் காணாமற் போயின, உண்மைதான். ஆனால், அதற்கு முன் ஒரு நூலும் காணாமற் போகாத ஆண்டில் ஒரு நூலும் படிக்கப்படவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் எழுதி வைத்துள்ளேன்.

“ஊதியம் குறைவு, பணி நிரந்தரமில்லை, இந்நிலையில் ஆராய்ச்சியா?” என்று நம் நூலகர்கள் கேட்பது என் செவியில் விழுகிறது. உங்கள் ஊதியத்துக்காகப் போராட வேண்டியது வேறு கடமை. அதிலும் கழகம் உங்களோடு நிற்கும். ஆயினும், கோரிக்கையோடு செல்பவன் கையில் ஆதாரமும் இருந்தால் அவன் குரலுக்கு வலிமை கூடும். “எங்கள் நூலகத்துக்கு இத்தனை பேர் வருகின்றனர், இந்த நேரத்தில் வருகின்றனர், இன்னது கேட்டு வெறுங்கையோடு திரும்புகின்றனர்” என்று தாளை நீட்டும் நூலகரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அண்ணல் அம்பேத்கர் இலண்டனில் பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தில் நாள் முழுதும் அமர்ந்து குறிப்பெடுத்தவர். 1917இல் தாயகம் திரும்பியபோது அவர் அனுப்பிய நூல்கள் கப்பலோடு கடலில் மூழ்கின. அவர் மனந்தளராமல் மீண்டும் சேர்த்தார். பம்பாயில் கட்டிய ராஜகிருகம் என்னும் இல்லத்தில் நூல்களுக்கே முதலிடம் தந்தார். அவர் வழி வந்தோம் என்று சொல்லும் நமக்கு நூலகம் வேடிக்கை பார்க்கும் இடமாகலாகாது.

முடிவாக, இரண்டு வேண்டுகோள். இங்கு வந்துள்ள நூலகர் ஒவ்வொருவரும் இன்று வீடு திரும்புமுன் ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்து குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஓராண்டு எண்ணுங்கள், கேளுங்கள், மாற்றிப் பாருங்கள். கண்டதை நான்கு பக்கத்தில் எழுதிக் கழகத்துக்குத் தாருங்கள். கழகப் பெரியோர்களே, அக்கட்டுரைகளைப் பாதுகாக்க நம் அலுவலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குங்கள். அதற்குப் பூட்டு வேண்டா. இந்த வெள்ளி விழா மலரின் படிகளையும் 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்கும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சட்டம் கூறும் பிற நூலகங்களுக்கும் தவறாமல் அனுப்பி வையுங்கள். எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து நம்மைத் தேடி வருபவர் மரப்பெட்டியைத் தேடி அலையக்கூடாது.

அந்தக் கிளை நூலகர் இட்ட சுழி என்னை இந்த மேடைக்குக் கொண்டு வந்தது. உங்கள் தாளில் விழும் சுழிகள் இன்னும் பலரைக் கொண்டு வரட்டும்.  கழகம் வாழ்க! கல்வி வளர்க!